மேசைமேல் தடையின்றி உருளும் கைத்தாங்கி: அளவெடுப்பது முதல் ஓட்டிப் பார்ப்பது வரை

பக்கவாதம், தசைச்சிதைவு, கழுத்துத் தண்டுவடக் காயம், தோள் நரம்புப் பின்னலில் அடி என்று காரணம் எதுவாக இருந்தாலும், தோளில் வலு போனவர்களில் பலருக்கு விரல்கள் ஓரளவு வேலை செய்யும். பேனா பிடிக்க வரும். விசைப்பலகையைத் தட்ட வரும். ஆனால் கையைத் தூக்கி அந்த இடத்துக்குக் கொண்டுபோகத் தெம்பு இருக்காது. கையின் எடையை வேறொன்று சுமந்துகொண்டால், மிச்சமிருக்கும் கொஞ்ச வலுவே கையை மேசைமேல் நகர்த்தப் போதும். அந்தச் சுமையை ஏற்பதுதான் உருளும் கைத்தாங்கி: கை படுக்க ஒரு தொட்டில், அதன் கீழே ஒரு தட்டு, தட்டின் அடியில் எல்லாப் பக்கமும் உருளும் குண்டுகள்.

பார்க்க எளிய சாமான். ஆனாலும் செய்து முடித்தபின் மூலையில் கிடப்பவை நிறைய. காரணம் பெரும்பாலும் ஒன்றே. செய்தவர் தன் வலுவுள்ள கையால் தள்ளிப் பார்த்து, "நன்றாக ஓடுகிறது" என்று முடிவு செய்திருப்பார். ஓடிக்கொண்டிருக்கும் தாங்கி எவ்வளவு லேசாக ஓடுகிறது என்பது இங்கே இரண்டாம்பட்சம். நின்ற இடத்திலிருந்து கிளம்ப எவ்வளவு விசை கேட்கிறது, திசை மாற்றும்போது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்ற இரண்டும்தான் வலுவிழந்த கைக்குத் தெரியும். இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு அளவும் அந்த இரண்டையும் குறைக்கவே.

முதலில் யாருக்கு இது ஒத்துவராது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கை நடுக்கம் உள்ளவருக்கும், கையின் இயக்கத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் ஆட்டம் வருபவருக்கும் தடையற்ற உருளல் உதவாது. நடுக்கத்துக்கு இன்னும் இடம் கொடுக்கும். அவர்களுக்குக் குண்டுகளுக்குப் பதிலாகத் தட்டின் அடியில் டெஃப்லான் அல்லது கம்பளி வில்லைகளை ஒட்டலாம். லேசான உராய்வு கையை அடக்கிப் பிடிக்கும். பக்கவாதத்துக்குப் பின் தோள்மூட்டு இறங்கியிருப்பவர், தசை இறுக்கம் அதிகமாக இருப்பவர் ஆகியோருக்குச் செய்யும் முன் இயன்முறை மருத்துவரையோ தொழில்வழி சிகிச்சையாளரையோ கேட்டுக்கொள்ளுங்கள். தோள் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

எவ்வளவு எடை, அது எங்கே விழுகிறது

ஒரு முழுக் கையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். இதில் மேற்கை 2.8 சதவீதம், முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து 2.2 சதவீதம். கையை மேசைமேல் வைத்தால் முன்கையின் எடை முழுவதும் தாங்கிக்கு வரும். மேற்கையின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது முழங்கை வழியாக இறங்கும். மீதியைத் தோள் ஏற்றுக்கொள்ளும். எனவே உடல் எடையை 0.034-ஆல் பெருக்கினால் தாங்கி சுமக்க வேண்டிய எடை கிடைக்கும். 60 கிலோ உள்ளவருக்கு 2 கிலோவைச் சற்றே தாண்டும். 80 கிலோ உள்ளவருக்கு 2.7 கிலோ.

இந்த எடை எந்தப் புள்ளியில் விழுகிறது என்பது இதைவிட முக்கியம். முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு வரை 25 செ.மீ. உள்ள கையை எடுத்துக்கொள்வோம். முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்த எடையின் மையம் முழங்கையிலிருந்து 17 செ.மீ. தூரத்தில் இருக்கும். மேற்கையின் பங்கு முழங்கையிலேயே இறங்குவதால், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் சுமையின் மையம் பின்னால் வந்து, முழங்கையிலிருந்து 11 செ.மீ. தூரத்தில் நிற்கும். அதாவது முன்கை நீளத்தில் 44 சதவீதம். இந்தப் புள்ளியைச் 'சுமைப்புள்ளி' என்று வைத்துக்கொள்வோம். தாளில் கையின் உருவத்தை வரைந்து, இந்தப் புள்ளியைக் குறித்துக்கொண்டபின் மற்ற வேலையைத் தொடங்குங்கள். குண்டுகள் எங்கே வர வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

காஸ்டர் சக்கரம் வேண்டாம்

எல்லோர் கையும் முதலில் போவது நாற்காலிக்கு அடியில் இருக்கும் வகைச் சிறிய காஸ்டர் சக்கரத்தை நோக்கித்தான். எளிதில் கிடைக்கும், நான்கு ஸ்க்ரூவில் மாட்டிவிடலாம். ஆனால் இந்த வேலைக்கு அது சரிப்படாது.

காஸ்டரின் சக்கரம் அதன் சுழல் அச்சுக்கு நேர் கீழே இருப்பதில்லை. சற்றுப் பின்னால் தள்ளி இருக்கும். அந்தத் தள்ளல்தான் சக்கரத்தை ஓடும் திசைக்குத் திருப்புகிறது. ஒரே திசையில் நெடுந்தூரம் போகும்போது இது நல்ல ஏற்பாடு. முன்னே போன கை பின்னே திரும்ப நினைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒவ்வொரு சக்கரமும் தன் அச்சைச் சுற்றி அரை வட்டம் அடித்தாக வேண்டும். அது முடியும்வரை தட்டு பக்கவாட்டில் இழுபடும், பிறகு ஒரு வெட்டு வெட்டி நேராகும். எழுதுவது, சுட்டியை நகர்த்துவது போன்ற வேலைகளில் கை இரண்டு மூன்று செ.மீ. மட்டுமே நகர்ந்து நகர்ந்து திரும்புகிறது. அந்தத் தூரத்தில் சக்கரங்கள் நேராகி முடிப்பதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. காஸ்டர் பொருத்திய தட்டின் முனையில் ஒரு பேனாவைக் கட்டி, கீழே தாள் விரித்து, தட்டை முன்னும் பின்னும் தள்ளுங்கள். நேர்கோட்டின் இரண்டு முனையிலும் சின்னக் கொக்கி விழுந்திருக்கும். அந்தக் கொக்கி ஒவ்வொன்றையும் பலவீனமான தோள்தான் எதிர்த்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று, பால் காஸ்டர் என்றும் பால் டிரான்ஸ்ஃபர் யூனிட் என்றும் விற்கப்படும் குண்டு உருளி. ஒரு கிண்ணத்துக்குள் பல சிறு குண்டுகள், அவற்றின்மேல் ஒரு பெரிய குண்டு. பெரிய குண்டு எந்தத் திசையிலும் ஒரே மாதிரி உருளும். முன்பு எந்தத் திசையில் ஓடியது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தொழிற்சாலைகளில் கனமான பெட்டிகளைத் தள்ளும் மேடைகளில் வரிசையாகப் பதித்திருப்பது இதைத்தான்.

வாங்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். குண்டின் விட்டம் 15 முதல் 20 மி.மீ. வரை இருப்பது இந்த வேலைக்குப் பொருத்தம். பெரிய குண்டு தாளின் விளிம்பு, சிறு தூசி போன்றவற்றை எளிதாகத் தாண்டும். ஆனால் தாங்கியின் உயரத்தையும் எடையையும் கூட்டும். எத்தனை கிலோ தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஒவ்வொரு குண்டிலும் நமக்கு விழப்போவது ஏறக்குறைய ஒரு கிலோதான். அதிக எடைக்கென்று செய்த உருளிகளில் தூசி புகாமல் இருக்க இறுக்கமான வளையமும் கெட்டியான கிரீஸும் இருக்கும். கிளம்பும்போது அவைதான் தடை. விரலால் குண்டை மெதுவாக உருட்டிப் பாருங்கள். எந்த இடத்திலும் கரகரப்போ ஒட்டலோ தெரியக் கூடாது. குண்டு கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தத் தகுந்ததா என்றும் கேளுங்கள். மேல்நோக்கி வைப்பதற்கென்றே செய்த சில உருளிகள் கவிழ்த்தால் தடுமாறும்.

எஃகுக் குண்டா, நைலான் குண்டா என்றால், அது மேசையைப் பொறுத்தது. மைக்கா ஒட்டிய கெட்டியான மேற்பரப்பில் எஃகு மிக லேசாக ஓடும். மென்மையான மரத்தில் எஃகு தடம் பதிக்கும். கண்ணாடியில் மணல் துகள் சிக்கினால் கீறும், சத்தமும் அதிகம். அந்த இடங்களில் நைலான் நல்லது.

மூன்று குண்டு போதும்

நான்கு குண்டு வைத்தால் நிலையாக நிற்கும் என்று தோன்றும். மேசை துல்லியமான சமதளமாக இருந்தால் அது சரி. பெரும்பாலான மேசைகள் அப்படி இருப்பதில்லை. நான்கில் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும், தட்டு டக்டக்கென்று ஆடும். மூன்று புள்ளிகள் எந்தப் பரப்பிலும் ஆடாமல் உட்காரும்.

சுமைப்புள்ளி முழங்கைப் பக்கம் சாய்ந்து இருப்பதால், இரண்டு குண்டு பின்னால், ஒன்று முன்னால் வைப்பதே சரியான அமைப்பு. 25 செ.மீ. முன்கைக்கு நான் சொல்லும் இடங்கள் இவை: பின் குண்டுகள் முழங்கை முனையிலிருந்து 5 செ.மீ. தூரத்தில், ஒன்றுக்கொன்று 12 செ.மீ. இடைவெளியில், முன் குண்டு முழங்கையிலிருந்து 21 செ.மீ. தூரத்தில், நடுக்கோட்டின்மேல். இப்படி வைத்தால், 60 கிலோ உள்ளவரின் கைக்குப் பின் குண்டுகள் ஒவ்வொன்றும் 640 கிராமும், முன் குண்டு 770 கிராமும் சுமக்கும். ஏறக்குறையச் சமமான பங்கு. சுமைப்புள்ளியிலிருந்து முக்கோணத்தின் பக்கவாட்டு விளிம்புக்கு மூன்றரை செ.மீ. இருக்கும்; கை சற்றுப் புரண்டாலும் தட்டு கவிழாது. கையில் திடீர் இழுப்பு வருபவருக்குப் பின் இடைவெளியை 15 செ.மீ. வரை அகலப்படுத்துங்கள், தட்டையும் அதற்கேற்ப அகலமாக்குங்கள்.

கை நீளம் வேறாக இருந்தால் நீளவாக்கில் உள்ள அளவுகளை அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குச் செய்யும்போது மட்டும் பின் இடைவெளியை விகிதப்படி குறைக்காமல் 10 செ.மீ. அளவிலாவது வைத்திருங்கள்.

அளவெடுப்பு

பயன்படுத்தப் போகிறவரை அவருடைய வழக்கமான நாற்காலியில், வழக்கமான மேசைமுன் உட்காரவைத்து அளவெடுக்க வேண்டும். தோள் தளர்ந்து, முழங்கை 90 டிகிரியோ சற்று அதிகமாகவோ மடங்கியிருக்கட்டும். தரையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அதில் 3 செ.மீ. கழித்தால் வருவதுதான் மேசைக்கு ஏற்ற உயரம். தாங்கியின் பருமன் ஏறக்குறைய அந்த 3 செ.மீ. என்பதால் இந்தக் கழித்தல். மேசை இதைவிட உயரமாக இருந்தால் தோள் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். கழுத்து வலி வரும். சுமையைக் குறைக்கச் செய்த சாமானே சுமையாகிவிடும். மேசையைத் தாழ்த்த முடியாவிட்டால் இருக்கையை உயர்த்திக் காலுக்குப் பலகை வையுங்கள்.

பிறகு முன்கையின் நீளம், முழங்கைக்கு முன்னால் மூன்று விரற்கடை தள்ளிய இடத்தில் அகலம், மணிக்கட்டுக்குச் சற்றுப் பின்னால் அகலம். இந்த மூன்று போதும். கை வீங்கும் தன்மை இருந்தால் மாலை நேரத்தில் அளவெடுங்கள்.

தொட்டில் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முழங்கையின் உட்புறத்தில், எலும்புக்குப் பின்னால், தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது. இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை 'சுரீர்' என்று ஏறுமே, அதே நரம்பு. அதன்மேல் தொடர்ந்து அழுத்தம் விழுந்தால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். எனவே தொட்டில் முழங்கை முனைக்கு 3 செ.மீ. முன்னாலேயே தொடங்கட்டும். முன்பக்கம் மணிக்கட்டு மடிப்புக்கு 3 செ.மீ. பின்னால் முடியட்டும், மணிக்கட்டின் குறுகிய வழிக்குள் போகும் நரம்பும் அப்போது தப்பும், கையும் சுதந்திரமாக மடங்கும். மணிக்கட்டு தொங்கிவிடும் நிலையில் உள்ளவருக்கு மட்டும் தொட்டிலை உள்ளங்கை வரை நீட்டி, மணிக்கட்டு சற்று மேல்நோக்கி இருக்கும்படி ஒரு தாங்கல் கொடுக்க வேண்டும்.

தட்டு

9 மி.மீ. பிளைவுட் இதற்குத் தோதானது. கைவசம் 6 மி.மீ. அக்ரிலிக் இருந்தால் அதுவும் ஆகும். நீளம் 20 செ.மீ., பின்பக்கம் 15 செ.மீ. அகலம், முன்னே குறுகி 6 செ.மீ.யில் முடியும் முட்டை வடிவம். மூலை என்று ஒன்றுமே இருக்கக் கூடாது. விளிம்பு முழுவதையும் உப்புத்தாள் போட்டு உருட்டுங்கள். மற்றக் கையிலோ, பக்கத்தில் வைத்த பொருளிலோ தட்டு மோதப்போவது நிச்சயம்.

தாங்கி முழுவதும் சேர்ந்து 500 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடை கூடினால் கிளம்புவதும் கஷ்டம், நிறுத்துவதும் கஷ்டம்.

தாளில் வரைந்த படத்தைத் தட்டின்மேல் ஒட்டி, மூன்று குண்டின் மையத்தையும் ஆணியால் புள்ளி குத்திக் குறியுங்கள். உருளியின் உடல் நுழையும் அளவுக்கு ஹோல் சா (வட்டத் துளை போடும் ரம்பம்) கொண்டு துளை போடுங்கள். உருளியைத் தட்டின் அடியில் அப்படியே ஸ்க்ரூ செய்தால் உயரம் அநியாயமாகக் கூடும். உடலைத் துளைக்குள் புதைத்து, அதன் விளிம்பு வளையம் மட்டும் அடிப்பரப்பில் பதியும்படி பொருத்துங்கள். தட்டின் அடிக்கும் மேசைக்கும் 5 அல்லது 6 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். ஸ்க்ரூ தலைகள் மரத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மூன்று குண்டும் ஒரே அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்திருந்தால் வளையத்துக்கு அடியில் மெல்லிய வாஷர் கொடுத்துச் சரிசெய்யலாம்.

தொட்டில்

என்னைக் கேட்டால், செலவிடும் நேரத்தில் பாதியை இங்கே செலவிட வேண்டும். குண்டுகள் எவ்வளவு லேசாக ஓடினாலும் தொட்டில் உறுத்தினால் யாரும் கையை வைக்க மாட்டார்கள்.

சிகிச்சையாளர்கள் பயன்படுத்தும் வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகடு கிடைத்தால் அதுவே சிறந்தது. 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் இளகிவிடும். சற்று ஆறவிட்டு, துணி சுற்றிய முன்கையின்மேல் நேரடியாகப் படியவைக்கலாம். உணர்ச்சி குறைந்த கையாக இருந்தால் சூட்டை முதலில் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள். அவருக்குச் சுட்டாலும் தெரியாது.

அது கிடைக்காவிட்டால் 110 மி.மீ. பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பாதிக்குச் சற்றுக் குறைவாக அறுத்தெடுங்கள். முன்கை முழங்கைப் பக்கம் பருத்தும் மணிக்கட்டுப் பக்கம் மெலிந்தும் இருப்பதால், நேர்க்குழாய் அப்படியே பொருந்தாது. முன்பாதியை ஹாட் ஏர் கன் கொண்டு சீராகச் சூடாக்கினால் 80 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். அப்போது இரு பக்கச் சுவரையும் மெல்ல உள்ளே அழுத்தி, மணிக்கட்டு அகலத்தோடு ஃபோமுக்கு ஒன்றரை செ.மீ. சேர்த்த அளவுக்குக் குறுக்கி, ஈரத்துணியால் குளிரவையுங்கள். கையுறை அவசியம். நிறம் மாறும் அளவுக்குச் சூடாக்காதீர்கள், கருகும் பி.வி.சி. நுரையீரலைக் கெடுக்கும் அமிலப் புகையை விடும். இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். குழாயை நேரடியாகக் கைமேல் வைத்து வடிவம் எடுக்கவே கூடாது.

பக்கச் சுவரின் உயரம் கையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இருக்கலாம். அதற்குமேல் போனால் கையை எடுப்பதும் வைப்பதும் சிரமம். வெட்டிய விளிம்புகளைத் தேய்த்து, வெளிப்பக்கமாகச் சற்று மலர்த்திவிடுங்கள். முன், பின் விளிம்புகள்தான் தோலில் கோடு போடும் இடங்கள். அங்கே மலர்ச்சி கட்டாயம்.

உள்ளே 8 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம், அதன்மேல் கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை. ரெக்சின் போடாதீர்கள்; வேர்த்து ஒட்டிக்கொள்ளும். தொட்டிலைத் தட்டில் இரண்டு போல்ட்டால் மாட்டும்போது, முன் குண்டின் உடல் தட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தால் அந்த உயரத்துக்கு வாஷர் அடுக்கி இடைவெளி கொடுங்கள். போல்ட் தலைகள் ஃபோமுக்கு அடியில் தட்டையாக இருக்கட்டும். போல்ட் துளைகளை நீளவாக்கில் 2 செ.மீ. நீட்டிய பள்ளமாக வெட்டினால், தொட்டிலைப் பின்னர் முன்னும் பின்னும் நகர்த்திச் சரிபார்க்கலாம். இந்தச் சின்ன வசதி பிற்பாடு மிகவும் கைகொடுக்கும்.

பட்டை விஷயம் எளிது. 4 அல்லது 5 செ.மீ. அகல மென்மையான வெல்க்ரோ பட்டை இரண்டு. கைக்கும் பட்டைக்கும் இடையே ஒரு விரல் நுழையும் தளர்வு வேண்டும். மற்றக் கையால், யார் உதவியும் இல்லாமல் அவிழ்க்க முடிய வேண்டும். அதற்காகப் பட்டையின் நுனியில் விரல் மாட்டும் வளையம் தைத்துவிடுங்கள். கையைத் தொட்டிலிலேயே வைத்திருக்க முடிபவருக்குப் பட்டையே வேண்டாம்.

மேசையும் தாங்கியின் ஒரு பகுதிதான்

தடை குறையக் குறைய மேசையின் சாய்வு தெரியத் தொடங்கும். ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. சரிந்த மேசையில் நல்ல தாங்கி தானாகவே ஓடத் தொடங்கிவிடும். பயன்படுத்துபவர் அதைப் பிடித்து நிறுத்தவே தன் வலுவைச் செலவழிப்பார். ரசமட்டம் வைத்து, ஒரு மீட்டருக்கு 5 மி.மீ.க்குள் சாய்வு இருக்கும்படி மேசைக் கால்களுக்கு அடை கொடுங்கள். விரிப்பு, மெத்தைத் தாள், ரப்பர் பாய் எதுவும் வேண்டாம். மேற்பரப்பு மென்மையாக இருந்தால் குண்டு அதில் அமிழ்ந்து, எப்போதும் ஒரு சிறு மேட்டை ஏறிக்கொண்டே இருக்கும். மர மேசையானால் 3 மி.மீ. அக்ரிலிக் அல்லது மைக்கா ஷீட்டை விரித்து நுனிகளை ஒட்டிவிடுங்கள்.

மேசை விளிம்பில் குண்டு இறங்கிவிட்டால் கையோடு சேர்ந்து தாங்கியும் விழும், தோள் இழுபடும். எனவே சுற்றிலும் 12 மி.மீ. உயர மரச்சட்டம் அடியுங்கள். தட்டின் அடி இடைவெளி 6 மி.மீ. என்பதால் தட்டின் விளிம்பு சட்டத்தில் முட்டி நிற்கும்.

உடலை ஒட்டிய பக்கத்தில் இன்னொரு கேள்வி எழும். கையை மார்புக்கு அருகே கொண்டுவர வேண்டுமானால் முழங்கை மேசையைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும். பின் குண்டுகளோ மேசையைவிட்டு இறங்கக் கூடாது. சாதாரண நேர்விளிம்பு மேசையில் இதற்குத் தீர்வு இல்லை. வயிறு நுழையும் அளவுக்கு அரைவட்டமாக வெட்டிய பலகையை மேசைமேல் வைத்து இறுக்கிவிட்டால், முழங்கைக்கு உடலின் பக்கவாட்டில் ஓடுவதற்கு இடம் கிடைக்கும். தாங்கியை நாள் முழுவதும் பயன்படுத்தப் போகிறவருக்கு இந்த வெட்டுப் பலகையைச் செய்துகொடுக்காமல் விடாதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

கைக்குப் பதில் மணல் பை. கணக்கில் வந்த எடைக்கு மணலை நிரப்பி, சுமைப்புள்ளியின்மேல் வையுங்கள். மேசையில் இருக்கும் அதே பரப்புள்ள ஒரு மீட்டர் பலகையைச் சமமாக வைத்து, அதன்மேல் தாங்கியை நிறுத்தி, ஒரு முனையை மிக மெதுவாக உயர்த்துங்கள். தட்டாமல், அசைக்காமல், தாங்கி தானாகக் கிளம்பும் உயரத்தைக் குறியுங்கள். ஒரு செ.மீ. உயரத்தில் கிளம்பினால், தாங்கியும் கையும் சேர்ந்த எடையில் நூறில் ஒரு பங்கு விசை போதும் என்று பொருள். இரண்டரை கிலோவுக்கு அது 25 கிராம். 2 செ.மீ. என்றால் 50 கிராம். இது மிக நல்ல தாங்கி. 3 செ.மீ.யும் பரவாயில்லை. 5 செ.மீ.யைத் தாண்டினால் எங்கோ கோளாறு. குண்டில் கெட்டியான கிரீஸ், மென்மையான பரப்பு, தட்டின் அடியில் உரசும் ஸ்க்ரூ என்று வரிசையாகத் தேடுங்கள்.

தாங்கியை நான்கு திசையிலும் திருப்பி வைத்து இதையே செய்ய வேண்டும். ஒரு திசையில் மட்டும் எண் கூடினால் ஒரு குண்டு மக்கர் செய்கிறது. அடுத்துப் பேனா கட்டி ஓட்டும் சோதனை: கோட்டின் முனைகளில் கொக்கி இல்லாமல் இருந்தால் திசைமாற்றமும் சரி.

கிரீஸ்தான் காரணம் என்றால், உருளியைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து உருட்டிக் கழுவி, நன்றாக உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி விடுங்கள். அதிகம் விட்டால் தூசி ஒட்டும். தீ அருகில் இந்த வேலை கூடாது. நாளடைவில் குண்டுகளின் ஓரத்தில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளும்; இடுக்கியால் எடுத்துவிட்டு இந்தச் சரிவுச் சோதனையை மறுபடி செய்தால் பழைய நிலைக்கு வந்ததா என்று எண்ணிலேயே தெரிந்துவிடும்.

இனி உரியவரின் கை. முதல் முறை 20 நிமிடம் போதும். எடுத்தவுடன் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் அங்கே அழுத்தம் அதிகம். அந்த இடத்தில் ஃபோமைக் குடைந்தெடுங்கள். மேலே இன்னொரு ஃபோம் துண்டை ஒட்டினால் அழுத்தம் கூடவே செய்யும். விரல்களில் மரப்போ குத்தலோ இருக்கிறதா என்று கேளுங்கள். கை முன்னே போகும்போது தட்டின் பின்பக்கம் தூக்கினால் தொட்டிலைச் சற்றுப் பின்னால் நகர்த்த வேண்டும். முழங்கையை அழுத்தும்போது முன்பக்கம் தூக்கினால் முன்னால்.

கையை மேலே உயர்த்தவும் வேண்டுமானால்

மேசைமேல் நகர்வது மட்டும் போதாது, கரண்டியையோ குவளையையோ சற்று மேலே கொண்டுவரவும் வேண்டும் என்பவருக்கு ஏற்ற இறக்கப் பலகை (சீசா) போல ஆடும் தொட்டில் செய்யலாம். போலியோ பரவியிருந்த காலத்தில் சக்கர நாற்காலியில் பொருத்திய கைத்தாங்கிகளும் இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்தன. முழங்கை தாழ்ந்தால் கை உயரும்.

தொட்டிலுக்கு அடியில் ஒரு கீல் வைத்துவிடலாம் என்று தோன்றும். அது சரியாக வராது. கையின் எடை அச்சுக்கு மேலே இருப்பதால், லேசாகச் சாய்ந்ததும் தானே முழுவதும் சாய்ந்துவிடும். தட்டின் இரு பக்கமும் இரண்டு நிற்பலகை வைத்து, தொட்டிலின் பக்கச் சுவரில் கையின் பாதி உயரத்துக்கு நேராக அச்சாணி போடுங்கள். அப்போது எந்தச் சாய்விலும் கை நின்ற இடத்தில் நிற்கும்.

அச்சாணியின் இடம் சுமைப்புள்ளி. முழங்கையை அழுத்தவோ உடலைச் சாய்க்கவோ முடிபவருக்கு அச்சை அதிலிருந்து 5 மி.மீ. முழங்கைப் பக்கம் நகர்த்துங்கள். கை சற்றுக் கனமாகி மேசையில் படுத்திருக்கும், அழுத்தினால் எழும்பும். உள்ளங்கையைக் கீழே அழுத்த மட்டுமே முடிபவருக்கு அச்சை உள்ளங்கைப் பக்கம் நகர்த்த வேண்டும். உள்ளங்கையில் 100 கிராம் பொருளைப் பிடித்தாலே சுமைப்புள்ளி 1 செ.மீ. முன்னால் போய்விடும். ஆகவே 5 மி.மீ.க்கு ஒன்றாக நான்கைந்து அச்சுத் துளைகள் போட்டு, அவர் வழக்கமாகப் பிடிக்கும் பொருளோடு சேர்த்து எந்தத் துளை ஒத்துவருகிறது என்று பாருங்கள்.

சாய்வு 15 டிகிரி போதும். அதற்கே முழங்கை முனை கிட்டத்தட்ட 3 செ.மீ. கீழே இறங்கும். தட்டின் பின்பக்கத்தை இரண்டு குண்டுக்கும் நடுவே அரைவட்டமாக வெட்டி, தொட்டிலை இன்னும் 1 செ.மீ. உயர்த்தினால்தான் முழங்கை மேசையில் இடிக்காது. அரைவட்டம் வெட்டியபின் குண்டுகளைச் சுற்றி மரம் மெலிந்துவிடாமல் இருக்கப் பின் இடைவெளியை 14 செ.மீ. ஆக்குங்கள், தட்டின் அகலத்தையும் அதற்கேற்ப 17 செ.மீ. ஆக்க வேண்டும். கூட்டிய அந்த 1 செ.மீ. உயரத்தை இருக்கையிலும் கூட்ட வேண்டும். சாய்வின் இரு எல்லையிலும் ஃபோம் கட்டை ஒட்டி, கை தட்டென்று மோதாமல் மெத்தென்று நிற்கும்படி செய்துவிடுங்கள்.